உடல் பருமன், சீனி வியாதி, அரசாங்கம்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் 31 வருஷம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காலையில் வ.உ.சி. மைதானத்தில் கூட நடக்கிறவர்கள் கேட்டது, பழைய மாணவர்கள் போனில் கேட்டது, கல்யாண வீட்டுப் பந்தியில் சொந்தக்காரர்கள் கேட்டது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம். உடம்பு பெருத்து, அதன் பின்னாலேயே சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, இதய நோய், ஈரலில் கொழுப்பு என்று வராமல் தடுப்பதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். நான் டாக்டர் இல்லை. மருந்து மாத்திரை பற்றி உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

நான் என்ன சாப்பிடுகிறேன் என்பது என் விருப்பம். இதில் அரசாங்கம் எதற்கு?

அரசாங்கம் ஏற்கெனவே உங்கள் அடுப்படிக்குள் இருக்கிறது. ரேஷன் அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். சீனி கிலோ 25 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். இந்த நான்கும் மலிவாக இருப்பதால்தான் நம் வீடுகளில் இந்த நான்கை வைத்துச் சமையல் நடக்கிறது. காய்க்கும் பழத்துக்கும் அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. களக்காட்டில் வாழை விளைகிறது, ஆனால் அங்கே இருக்கிற பெட்டிக்கடையிலும் கண்ணுக்கு நேரே தொங்குவது ஐந்து ரூபாய் பாக்கெட் சரம்.

பஸ்ஸுக்கு நிற்கிற பையன் கையில் பத்து ரூபாய் இருக்கிறது, பசிக்கிறது. அவன் எதை வாங்குவான் என்பதில் அவனுடைய ஆசைக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. எது கிட்டே இருக்கிறது, எது மலிவு, எதை டிவியில் பார்த்தான் என்பதற்குப் பெரிய பங்கு. விலை, வரி, விளம்பரம், கடை எங்கே இருக்கலாம் என்பதெல்லாம் அரசாங்கம் தீர்மானிக்கிற விஷயங்கள். 'வாயைக் கட்டு' என்று பையனை மட்டும் திட்டிவிட்டு இவற்றை அப்படியே விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம்ம பக்கம் அவ்வளவு பேருக்கா இருக்கிறது?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் எடை கூடிய அல்லது பருமனான பெண்கள் 2015-16இல் 100க்கு 31 பேர். 2019-21இல் 40 பேர். ஆண்கள் 28இலிருந்து 37. நடுவில் போனது நான்கைந்து வருஷம்தான். இந்திய அளவில் பெண்களில் 24, ஆண்களில் 23. அதாவது நாம் நாட்டின் சராசரியைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டோம்.

சர்க்கரைக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. நாடு முழுக்க 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் உடம்பு வாகில் எடை அதிகம் ஏறாமலே வயிற்றில் மட்டும் கொழுப்பு சேரும். கையும் காலும் மெலிந்திருக்கும், தொந்தி இருக்கும். அதனால் எடை மெஷினை மட்டும் நம்பாதீர்கள். தையல்காரர் டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்த்துவிடுவது நல்லது.

இது வசதியானவர்களுக்கு வருகிற வியாதிதானே? உழைக்கிறவர்களுக்கு எப்படி உடம்பு போடும்?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு என் அக்காள் ஞாபகம்தான் வரும். முக்கூடல் பக்கம் வாக்கப்பட்டுப் போய் நாற்பது வருஷம் பீடி சுற்றினாள். காலையில் வீட்டு வேலை முடித்துத் திண்ணையில் தட்டை மடியில் வைத்தால், ஆயிரம் பீடி கணக்கு முடிகிறவரை எழும்ப மாட்டாள். எண்ணிக்கைக்குத்தான் கூலி, எழுந்து நடந்தால் கூலி குறையும். மூன்று வேளையும் சோறு, நடுவில் இரண்டு டீ, கடையிலிருந்து ஒரு வடை. அவள் உழைக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? விரல் மட்டும் ஓடியது, உடம்பு ஓடவில்லை. ஐம்பது வயதுக்குள் சர்க்கரை வந்துவிட்டது. வந்தது தெரியாமலே சில வருஷம் போயிருக்கிறது. காலில் முள் குத்திய புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் தெரிந்தது. ஒரு விரலை எடுத்தார்கள்.

மேலப்பாளையத்திலும் கடையம் பக்கத்திலும் தெருத்தெருவாக இப்படிப் பெண்கள் இருக்கிறார்கள். பீடித் தொழிலாளர்களுக்கு என்று 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. பீடி மேல் தனித் தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் மருந்தகங்கள் நடந்தன. முக்கூடலில் மருத்துவமனையே உண்டு. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வை நின்றுவிட்டது. ஒரு தொழிலில் வருகிற வியாதியை அந்தத் தொழிலிலிருந்தே எடுத்த பணத்தில் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு நல்ல ஏற்பாடு. அது போனது எனக்கு இன்னும் வருத்தம்.

2024 ஜனவரியில் தமிழ்நாடு அரசு 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வேலை செய்கிற இடத்துக்கே போய்ச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு பார்ப்பது. சரி, திண்ணையில் வேலை செய்கிறவளுக்கு வேலையிடம் எது? பீடியைக் கொடுத்து இலையும் தூளும் வாங்க அவர்கள் கம்பெனி கிளைக்கு வந்து வரிசையில் நிற்கிறார்களே, அந்த வரிசையில் ஒரு நர்ஸை உட்கார வையுங்கள். மாதம் ஒரு நாள் போதும். என் அக்காளுக்கு அப்படி ஒரு வரிசை இருந்திருந்தால் அவள் விரல் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறதே, அது போதாதா?

அது பெரிய காரியம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமனப்பள்ளியில் தொடங்கினார்கள். மகளிர் சுயஉதவிக் குழுவிலிருந்து வந்த பெண்கள் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது. ஆனால் அதன் கனம் எல்லாம் வியாதி வந்த பிறகு செய்ய வேண்டியதில் இருக்கிறது. அதே பெண் வாசலுக்கு வரும்போது, வியாதி இல்லாத முப்பது வயதுக்காரர்களுக்கும் டேப்பை எடுத்து இடுப்பு அளந்து எழுதிக்கொண்டு போனால் பத்து வருஷம் முன்கூட்டியே தெரிந்துவிடும். டேப் விலை அதிகம் இல்லை. கூடுதல் வேலைக்கு அந்தப் பெண்களுக்குக் கூடுதல் ஊக்கத்தொகையும் கொடுக்க வேண்டும்.

கலர் சோடாவுக்கும் பாக்கெட் தீனிக்கும் வரி போட்டால் ஏழைக்குத்தானே அடி?

நியாயமான பயம். ஆனால் வேறு நாடுகள் செய்து பார்த்துவிட்டன.

மெக்சிகோ 2014 ஜனவரியில் சீனி போட்ட பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. முதல் வருஷம் விற்பனை ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்தது. ஏழை வீடுகளில்தான் அதிகம் குறைந்தது. சர்க்கரை வியாதி வந்தால் முதலில் வீட்டையே விற்க வேண்டி வருவதும் அதே ஏழைதான். டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு மூன்று நாள் போகிறவரும் கூடப் போகிற ஆளும் இழக்கிற கூலியோடு, ஒரு பாட்டில் கலருக்கு ஏறுகிற ரெண்டு ரூபாயை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிரிட்டன் 2018 ஏப்ரலில் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பானத்தில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் ஒரு வரி, 8 கிராமுக்கு மேல் இருந்தால் இன்னும் கூடின வரி. கம்பெனிகள் என்ன செய்தன? வரிக்குத் தப்பிக்கச் சீனியைக் குறைத்துவிட்டன. குடிக்கிறவன் ஒன்றும் செய்யாமலே அவன் குடிக்கிற சீனி குறைந்தது.

தோற்றுப்போன கதையும் உண்டு. டென்மார்க் 2011 அக்டோபரில் கொழுப்புக்கு வரி போட்டது. ஜனங்கள் பக்கத்து நாட்டுக்குப் போய் வாங்கி வந்தார்கள், 2013 ஜனவரியில் வரியை எடுத்துவிட்டார்கள். செங்கோட்டையைத் தாண்டினால் வருகிற கேரளாவில் 2016இல் பர்கர், பீட்சா விற்கிற பெரிய கடைகளுக்கு 14.5 சதவீத வரி வந்தது. அடுத்த வருஷம் ஜிஎஸ்டிக்குள் அது கரைந்துபோனது. அது பொரோட்டாக் கடைப் பக்கம் வரவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது நம் நாட்டு நிலவரம். 2025 செப்டம்பர் 22 முதல் கலர் பானங்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். நல்லது. அதே நாளில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் எல்லாம் 18இலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. பாக்கெட் மிக்சர், காரவகைகள் 12இலிருந்து 5. மாம்பழப் படம் போட்டு விற்கிற டப்பா ஜூஸ், வாயு ஏற்றாததாக இருந்தால், அதுவும் 5. அந்த ஜூஸில் எவ்வளவு சீனி என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சீனி இல்லாமல் வருகிற கலருக்கோ 40. நம் வரி நுரையைப் பார்க்கிறது, சீனியைப் பார்க்கவில்லை. பிரிட்டன் மாதிரிச் சீனியின் அளவைப் பார்த்து வரி போட்டால்தான் தயாரிக்கிறவன் மாறுவான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 உணவு வழிகாட்டி, ஒரு நாளைக்குச் சேர்க்கிற சீனி 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது. கால் லிட்டர் கலரில் கிட்டத்தட்ட அவ்வளவும் வந்துவிடும். அப்புறம் நாம் குடிக்கிற டீயெல்லாம் கணக்குக்கு வெளியேதான்.

அப்படியென்றால் அல்வாவையும் நிறுத்தச் சொல்வீர்களா?

மாட்டேன். தாமிரபரணித் தண்ணியும் கோதுமைப் பாலும் நெய்யும் சேர்ந்த அந்தப் பண்டம் இந்த மண்ணின் சொத்து. ஊருக்கு வருகிறவர்கள் வாங்கிப் போகிறார்கள், நாம் விசேஷத்துக்கு வாங்குகிறோம், டவுனுக்குப் போனால் நூறு கிராம் இலையில் வாங்கி நின்றபடியே தின்றுவிட்டுக் கொஞ்சம் மிக்சர் வாயில் போட்டுக்கொள்கிறோம். அது எப்போதாவது. தினமும் உள்ளே போகிற பொருள்தான் உடம்பைக் கெடுக்கிறது.

சட்டம் பார்க்க வேண்டியது, தினம் உள்ளே போகிற எண்ணெயை. இங்கே அரசு ஒரு நல்ல காரியத்தைச் சத்தமில்லாமல் செய்திருக்கிறது. டால்டா வகைக் கொழுப்பிலும் பேக்கரிப் பண்டங்களிலும் இருக்கிற டிரான்ஸ் கொழுப்பு மாரடைப்புக்கு வழி. உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை 2021இல் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதமாகவும் குறைத்துவிட்டது. பப்ஸ் தின்கிற யாருக்கும் ருசியில் வித்தியாசம் தெரிந்திருக்காது. யாரும் பிரசங்கம் செய்யவில்லை, யாரும் மனசைக் கட்டுப்படுத்தவில்லை. தடுப்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கும் 2018 ஜூலையிலிருந்து வரம்பு இருக்கிறது. சாயங்காலம் பஜ்ஜி போடுகிற அண்ணாச்சியிடம் மீந்த எண்ணெயை வாங்கி டீசலாக்குகிற திட்டமும் இருக்கிறது. அவருக்கு லிட்டருக்கு ஒரு நியாயமான விலை கிடைத்தால் அவரே கருத்த எண்ணெயைக் கொடுத்துவிடுவார். அபராதத்தை விட அது நன்றாக வேலை செய்யும்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் போதும்தானே?

இல்லை. உடன்குடிக் கருப்பட்டியானாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். பனைத்தொழிலாளிக்காக வாங்குங்கள், ருசிக்காகக் காபியில் கொஞ்சம் போடுங்கள். சர்க்கரை வியாதிக்கு மருந்து என்று நினைத்துப் போடாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் அரசு என்ன செய்யலாம்?

என் வாழ்க்கை முழுக்க அங்கேதான் போனது, அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

பிள்ளைகளின் சாப்பாட்டை அரசு மாற்ற முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் எட்டயபுரத்தை நினைத்துப் பாருங்கள். காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியது அங்கே. அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டம். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், பிறகு முட்டை வந்தது, 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. பசிக்காகத் தொடங்கிய அந்தச் சமையலறை இன்றைக்கு இன்னொரு வேலையும் செய்கிறது. காலையில் கிச்சடியோ உப்புமாவோ சாம்பாரோடு தின்ற பிள்ளை, பத்து மணிக்குப் பாக்கெட்டைப் பிரிப்பதில்லை. காய் இன்னும் கூட்டலாம், சுண்டல் நாளைக் கூட்டலாம். சமையலறையும் ஆட்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

வாசலுக்கு வெளியே கதை வேறு. 2020இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு விதி போட்டது: கொழுப்பும் உப்பும் சீனியும் மிகுந்த தீனியைப் பள்ளிக்குள்ளும், பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. நான் வேலை பார்த்த பள்ளியின் வாசலிலிருந்து எதிர்க் கடைக்கு என் காலடியில் 22 அடி எடுத்து வைத்தால் போதும். கடைக்கார அம்மாவிடம் விதியைக் காட்டியபோது, "சாரே, இதை எடுத்துட்டா நான் எதை விக்க?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு விதியில் பதில் இல்லை. நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து பேசி, அவித்த கடலை, சுண்டல், தை மாசத்தில் பனங்கிழங்கு, அரிநெல்லி என்று வைக்கச் சொன்னோம். முதல் மாசம் விற்காமல் மீந்ததை நாங்களே வாங்கிக்கொண்டோம். அப்புறம் பிள்ளைகள் வாங்க ஆரம்பித்தார்கள். பாக்கெட் சரம் முழுக்கப் போய்விடவில்லை, பின்னால் போனது. விதி போடுகிறவர்கள் அந்த அம்மாவுக்கு ஒரு சின்னக் கடனும் கொடுத்தால் விதி தானாக நிற்கும்.

அடுத்தது விளையாட்டு. உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணிநேரம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது. நம் அட்டவணையில் வாரத்துக்கு இரண்டே பி.டி. பீரியட். அதையும் பத்தாம் வகுப்பு வந்தால் கணக்குக்கு எடுத்துக்கொள்வார்கள். நான் பலமுறை விட்டுக்கொடுத்திருக்கிறேன். பரீட்சை என்றார்கள், நானும் தலையாட்டினேன். இன்றைக்கு அந்தப் பையன்களில் சிலர் முப்பத்தைந்து வயதில் மாத்திரைப் பெட்டியோடு என்னிடம் பேசும்போது, அந்தப் பீரியடுகளை விட்டிருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. பி.டி. பீரியடை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது என்பதை ஆய்வுக்கு வருகிற அதிகாரி கணக்கு நோட்டைப் பார்க்கிற மாதிரிக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். பெண் பிள்ளைகள் மைதானத்தில் இருக்கிறார்களா, ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

பாக்கெட்டின் பின்னால்தான் எல்லாம் எழுதியிருக்கிறதே, படித்து வாங்கினால் போதாதா?

பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், கிராம் கணக்கில் எழுதியிருப்பதை எந்த ஆச்சி படிப்பாள்? சிலி நாடு 2016இல் வேறு வழி கண்டது. சீனி மிகுந்தால் முன்பக்கத்தில் ஒரு கறுப்பு எண்கோண முத்திரை, உப்பு மிகுந்தால் இன்னொன்று, கொழுப்பு மிகுந்தால் இன்னொன்று. எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும். முத்திரை குத்திய பண்டத்தைப் பள்ளியில் விற்கவும் முடியாது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நட்சத்திர மதிப்பெண் என்று ஒரு வரைவு வெளியிட்டது. நட்சத்திரம் என்றால் நம் ஊரில் யாரும் நல்லது என்றுதான் நினைப்பார்கள், ஒரு நட்சத்திரம் இருந்தாலும். உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரலில் முன்பக்க எச்சரிக்கை பற்றி முடிவெடுக்கக் காலக்கெடு கொடுத்தது. நமக்கு வேண்டியது கறுப்பு முத்திரை, அதுவும் தமிழில்.

ரேஷனில் அரிசியைக் குறைக்கலாமா?

கூடாது. இந்த மாவட்டத்தில் கஞ்சிக்கே தவித்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அரிசியில் கை வைக்காமல், பக்கத்தில் வேறு பொருளை வையுங்கள். 2023இல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கேட்டு வாங்கலாம் என்று செய்தார்கள். மானூர், சங்கரன்கோவில் கரிசலில் விளைகிற கம்பும் சோளமும் இங்கேயே வாங்கப்பட்டு இங்கேயே ரேஷனில் வந்தால் விவசாயிக்கும் பிழைப்பு. துவரம்பருப்பைக் கூட்டிக் கொடுக்கலாம். பாமாயிலோடு கடலை எண்ணெயையும் வைத்தால் எதை வாங்குவது என்று வீட்டுக்காரம்மா பார்த்துக்கொள்வார்.

நடக்கச் சொல்கிறீர்கள், இடம் எங்கே?

2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்து 'நடப்போம் நலம் பெறுவோம்' தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். ஆனால் மேலப்பாளையத்திலோ பேட்டையிலோ இருக்கிற ஒரு பெண்ணுக்கு வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், விளக்கு எரிகிற, நாய் துரத்தாத, பைக் ஏறாத ஒரு பாதை வேண்டும். பாளையங்கால்வாய்க் கரை, நயினார்குளத்துக் கரை மாதிரி இடங்களைச் சுத்தமாக வைத்து விளக்குப் போட்டாலே பாதி வேலை முடியும்.

எடை குறைக்கிற ஊசி வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு?

2025இல் அப்படிப்பட்ட ஊசிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. தேவைப்படுகிறவர்கள் டாக்டர் சொன்னால் போட்டுக்கொள்ளட்டும். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்ப ஏறிவிடுகிறது. பீடிக் கூலியில் அதை மாதா மாதம் வாங்க முடியாது.

சரி, நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும்?

கிராமத்தில் இருக்கிறவர்கள் கிராமசபையில் பேசுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கட்டாயம் நடக்கும். பள்ளியில் பிள்ளை படித்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய், பி.டி. பீரியட் நடக்கிறதா, வாசல் கடை எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். டவுனில் இருக்கிறவர்கள் திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். 'மக்கள் ஆரோக்கியமாக வாழ நடவடிக்கை எடுக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் யாரிடம் அனுப்புவது என்று அவர்களுக்கும் தெரியாது. ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள்: எந்தத் தெரு, எத்தனை விளக்கு எரியவில்லை, எந்தப் பீடிக் கிளையில் எந்தக் கிழமை எத்தனை பெண்கள் வருகிறார்கள். நான் போன மாதம் என் அக்காள் ஊர்க் கிளைக்கு மாதம் ஒரு நாள் நர்ஸ் வர வேண்டும் என்று கொடுத்திருக்கிறேன். 43 பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள், அக்காள் முதல் கையெழுத்து. நீங்கள் கொடுக்கும்போது ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை போகும்போது அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.